போன வழியே திரும்ப வேண்டாம்: ஜப்பான் பயணத்துக்கு ஒரு புதுக் கணக்கு

2023 அக்டோபர் முதல் தேதி, வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்கென்று ஜப்பான் விற்றுவரும் ரயில் பாஸின் விலை ஒரே நாளில் ஏறத்தாழ எழுபது சதவீதம் ஏறியது. அதற்கு முதல் நாள்வரை 29,650 யென்னுக்குக் கிடைத்த ஏழு நாள் சாதாரண வகுப்பு பாஸ் 50,000 யென் ஆனது. நம் பணத்துக்கு முப்பதாயிரம் ரூபாயை நெருங்கும் தொகை. பதினான்கு நாள் பாஸ் 80,000, இருபத்தொரு நாள் பாஸ் ஒரு லட்சம் யென். ஆனாலும் ஜப்பான் போகப்போகிறேன் என்று யாராவது வாயைத் திறந்தால், முதலில் வந்து விழும் கேள்வி இன்னமும் "பாஸ் வாங்கியாச்சா?" என்பதுதான். அந்தப் பாஸை நடுவில் வைத்து ஒரு பயணத் திட்டமும் பல வருடங்களாகக் கைமாறி வருகிறது. டோக்கியோவில் இறங்கு, நாலு நாள் சுற்று, புல்லட் ரயிலில் கியோட்டோ, ஒசாகா, முடிந்தால் ஹிரோஷிமா. பிறகு அதே தண்டவாளத்தில் டோக்கியோ திரும்பி விமானம் ஏறு. ஒருகாலத்தில் இது கெட்டிக்காரத் திட்டம். இன்று இது பணத்தையும் தின்கிறது, நாளையும் தின்கிறது. ஜப்பானுக்குத் திட்டமிடும்போது எந்தக் கோயில், எந்தப் பூங்கா என்பதெல்லாம் பிறகு. எந்த விமான நிலையத்தில் நுழைந்து எதில் வெளியேறப்போகிறோம் என்பதே முதல் முடிவு. இரண்டும் வேறு வேறு ஊராக இருக்கட்டும். இடையில் உள்ள தூரத்தை ஒரே திசையில், அந்தந்தப் பயணத்துக்கு டிக்கெட் வாங்கிக் கடந்தால் போதும். ரயிலில் நாலு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் தூரம் என்றால் விமானத்தைப் பார்க்கலாம்.

பாஸின் கதையிலிருந்து ஆரம்பிப்போம். ஜப்பானிய ரயில்வே அரசிடம் இருந்த 1981-ல் இந்தப் பாஸ் வந்தது. 1987 ஏப்ரலில் அந்த ரயில்வே ஆறு பயணிகள் ரயில் நிறுவனங்களாகவும் ஒரு சரக்கு நிறுவனமாகவும் பிரிக்கப்பட்ட பிறகும், ஆறு பேருக்கும் பொதுவான சொத்தாகப் பாஸ் மட்டும் மிஞ்சியது. அதன் கவர்ச்சி எளிமையானது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு, அதிவேக நொசோமி ரயிலில் முன்பதிவு இருக்கைக்குச் சுமார் 14,170 யென். போய் வர 28,340. பழைய பாஸ் விலையோ 29,650. ஆக, ஒரே ஒரு தடவை கியோட்டோ போய்த் திரும்பினாலே முதல் கிட்டத்தட்ட வந்துவிடும். ஹிரோஷிமாவோ நாராவோ சேர்ந்தால் அத்தனையும் லாபம். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். டோக்கியோ–ஹிரோஷிமா போய் வர ஏறத்தாழ 39,500 யென்தான் ஆகிறது. இன்னும் மேற்கே, நொசோமி ஓடும் தடத்தின் கடைசியான ஃபுகுவோகாவின் ஹகாட்டா நிலையம்வரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் போய்த் திரும்பினால்கூட 50,000 யென்னைத் தொடாது. அதற்கும் மேலே ஒரு வினோதம் உண்டு. பாஸ் வைத்திருப்பவர் நொசோமியில் ஏற வேண்டுமென்றால் தனியாகக் கட்ட வேண்டும். டோக்கியோ–கியோட்டோவுக்கு மட்டும் ஒரு வழிக்கு 4,960 யென். பாஸ் வாங்காதவர் எந்த ரயிலிலும் ஏறலாம். பாஸ் வாங்கியவர்தான் மெதுவான ஹிக்காரிக்குக் காத்திருக்க வேண்டும்.

பணத்தைவிடப் பெரிய சேதம் ஒன்று இருக்கிறது. பாஸ் ஏழு நாள் தொடர்ச்சியாக ஓடுகிற கடிகாரம். அளவில்லாச் சாப்பாட்டுக்குக் காசு கொடுத்துவிட்டோமே என்று வயிற்றைக் கெடுத்துக்கொள்பவரைப் போல, பாஸ் வாங்கியவர் ரயிலிலேயே குடியிருக்கத் தொடங்குகிறார். கியோட்டோவில் இரண்டு நாள் இருந்து பார்க்க வேண்டியதை அரை நாளில் முடித்துவிட்டு, "பாஸ்தான் இருக்கே" என்று ஹிமெஜி கோட்டைக்கு ஓடுகிறார். தேவையைப் பார்த்துப் பயணச்சீட்டு வாங்கும் வழக்கம் தலைகீழாகி, சீட்டைப் பார்த்துத் தேவையை உண்டாக்கும் நிலை வந்துவிடுகிறது. ஏழு நாளுக்குள் டோக்கியோ, ஹிரோஷிமா, அங்கிருந்து வடக்கே செண்டாய், அவோமோரி என்று நாட்டின் இரண்டு முனையையும் தொட்டுவிட நினைக்கும் ரயில் பித்தர்களுக்கு 50,000 யென் பாஸ் இன்றைக்கும் லாபமே. அவர்களைத் தவிர மற்றவர்கள் அதை மறந்துவிடலாம்.

சரி, மாற்று என்ன? வரைபடத்தைப் பார்த்தால் பதில் கண்ணில் படும். ஜப்பான் ஒரு வட்டமான நாடு அல்ல. வடகிழக்கிலிருந்து தென்மேற்காக வில்லைப்போல வளைந்து கிடக்கும் நீண்ட நாடு. பெரிய ஊர்கள் பெரும்பாலும் அந்த வில்லின் மேலேயே வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. இப்படிப்பட்ட நாட்டில் போய்த் திரும்புவதென்பது பார்த்த இடத்தையே சன்னல் வழியாக மறுபடி பார்ப்பது. அதற்கு டோக்கியோ–ஒசாகா 515 கிலோமீட்டரில் 14,720 யென்னும், பெட்டி கட்டி ஓட்டலிலிருந்து ஓட்டலுக்கு நகரும் அரை நாளும் செலவு. நேர்கோட்டுத் திட்டத்துக்கு ஓர் உதாரணம்: டோக்கியோவில் இறங்கி நாலு நாள், அங்கிருந்து ஹொக்குரிக்கு புல்லட் ரயிலில் இரண்டரை மணி நேரத்தில் ஜப்பான் கடலோரத்துக் கனசாவா, அடுத்து கியோட்டோ, அதை ஒட்டி நாரா, பிறகு ஹிரோஷிமா, மியாஜிமா தீவு, கடைசியில் ஃபுகுவோகா, அங்கிருந்தே விமானம். இந்த நாலு நீண்ட ரயில் பயணங்களையும் தனித்தனியாக, முன்பதிவு இருக்கையோடு வாங்கினால் மொத்தம் 45,000 யென்னுக்குள் அடங்கிவிடும். டோக்கியோவிலிருந்து கியூஷு தீவுவரை வழியில் இறங்கி இறங்கிப் பார்த்தபடி போவதற்கு, ஏழு நாள் பாஸைவிடக் குறைவாகவே ஆகிறது. ஏழு நாளுக்குள் முடித்தாக வேண்டுமென்ற கட்டாயமும் இல்லை. பத்து நாளோ பதினைந்து நாளோ எடுத்துக்கொள்ளலாம்.

கனசாவாவை இந்தக் கோட்டில் சேர்த்ததற்குக் காரணம் இருக்கிறது. 2024 மார்ச் 16 அன்று ஹொக்குரிக்கு புல்லட் ரயில் கனசாவாவைத் தாண்டி சுருகாவரை நீண்டது. அதற்குமுன் கனசாவாவிலிருந்து கியோட்டோவுக்கு ஒரே ரயிலில் உட்கார்ந்து போனார்கள். இப்போது சுருகாவில் இறங்கி மாற வேண்டும். புல்லட் ரயில் மேல் தளத்தில் வந்து நிற்கும். அதற்கு நேர் கீழே தண்டர்பேர்டு விரைவு ரயில் காத்திருக்கும். மாறுவதற்கு அட்டவணை தருவது எட்டு நிமிடம் அளவுக்குத்தான். கதவு திறந்ததும் மொத்தக் கூட்டமும் நகரும் படிக்கட்டுகளை நோக்கிப் பாய்கிறது. நடுவில் ஒரு வரிசை தானியங்கி வாயில்கள். கையில் இரண்டு ரயிலுக்குமான சீட்டுகளையும் தயாராக வைத்திருப்பவர் சிரமமில்லாமல் கீழே இறங்கிவிடுகிறார். பையைத் துழாவுபவர் பின்னால் இருப்பவர்களின் பொறுமையைச் சோதிக்கிறார். உள்ளூர்க்காரர்களே இந்த மாற்றத்தை அலுப்போடு பேசுகிறார்கள். இருந்தாலும் டோக்கியோவையும் கியோட்டோவையும் இணைக்கும் இரண்டாவது பாதை ஒன்று ஏறக்குறைய முழுமையாகிவிட்டது என்பது பயணிக்குப் பெரிய வசதி. போகும் வழியில் கடலும் பனிமலையும் கென்ரோக்குயென் தோட்டமும் கிடைக்கின்றன என்பது கூடுதல் லாபம்.

"எல்லாம் சரி, ஒரு ஊரில் இறங்கி வேறு ஊரில் ஏறினால் விமான டிக்கெட் விலை எகிறிவிடுமே?" என்பதே இந்த வாதத்துக்கு எதிராக வரும் முதல் கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. இரண்டு தனித்தனி ஒருவழி டிக்கெட்டாக வாங்கினால் பல நேரம் எகிறத்தான் செய்யும். ஆனால் ஒரே நிறுவனத்தில் மல்டி சிட்டி டிக்கெட்டாகக் கேட்டால், போய் வரும் டிக்கெட்டின் பாதி இதிலும் பாதி அதிலுமாகக் கணக்கிடுவதே பெரும்பாலும் வழக்கம். இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு ஒரு எதிர்பாராத அனுகூலம் உண்டு. சென்னையிலிருந்து டோக்கியோவின் நரிட்டாவுக்கு ஏ.என்.ஏ நிறுவனம் 2019 அக்டோபர் இறுதியில் நேரடி விமானம் விட்டது. சில மாதங்களிலேயே கொரோனாவால் அது நின்றுபோனது. அதனால் சென்னை, திருச்சி, கோவைப் பயணிகளில் பெரும்பாலோர் சிங்கப்பூர், பாங்காக், கோலாலம்பூர், ஹாங்காங், கொழும்பு என்று எங்காவது மாறியே போகிறார்கள். எப்படியும் மாறத்தான் போகிறோம் என்றால், சிங்கப்பூரிலிருந்து டோக்கியோவுக்கு மட்டுமல்ல, ஒசாகா, நகோயா, ஃபுகுவோகாவுக்கும் விமானம் இருக்கிறதே! ஹாங்காங், பாங்காக்குக்கும் இது பொருந்தும். நேரடி விமானம் இல்லாத குறையே நேர்கோட்டுத் திட்டத்துக்கு வழிவிடுகிறது. பெங்களூரிலிருந்து நரிட்டாவுக்கு நேரே பறக்கும் ஜப்பான் ஏர்லைன்ஸை நம்பும் ஓசூர், சேலம்காரர்களுக்கும், கொழும்பிலிருந்து ஸ்ரீலங்கன் விமானத்தில் நரிட்டா போகும் ஈழத் தமிழர்களுக்கும் இந்தச் சலுகை குறைவு. அவர்கள் போய்த் திரும்பத்தான் வேண்டியிருக்கும் என்றால், திரும்பும் பகுதியை ஒசாகாவிலிருந்தோ ஃபுகுவோகாவிலிருந்தோ உள்நாட்டு விமானத்தில் வைத்துக்கொள்வது நல்லது. அதில் ஒரு எச்சரிக்கை: உள்நாட்டு விமானம் ஹனேடாவில் இறங்கி, வெளிநாட்டு விமானம் நரிட்டாவில் கிளம்புகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டோக்கியோவின் இரண்டு விமான நிலையங்களும் நகரத்தின் இரு வேறு பக்கங்களில் இருக்கின்றன.

அந்த இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது சின்ன விஷயமாகத் தெரியலாம். முதல் நாளையே அதுதான் தீர்மானிக்கிறது. ஹனேடா நகரத்தை ஒட்டி, டோக்கியோ விரிகுடாவின் கரையில் இருக்கிறது. 1964 ஒலிம்பிக்ஸை முன்னிட்டு ஓடத் தொடங்கிய மோனோரயில் இன்றும் ஹமாமட்சுச்சோ நிலையத்துக்கு இருபது நிமிடத்துக்குள் கொண்டுபோய் விடுகிறது. நரிட்டா ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் கிழக்கே, விவசாய நிலங்களுக்கு நடுவே இருக்கிறது. அந்த நிலத்தைக் கொடுக்க மறுத்து விவசாயிகளும் மாணவர்களும் வருடக்கணக்கில் போராடினார்கள். 1978 மார்ச்சில் போராட்டக்காரர்கள் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குள்ளேயே புகுந்து கருவிகளை உடைத்ததில் திறப்பு விழா மே மாதத்துக்குத் தள்ளிப்போனது. அதன்பின் முப்பது வருடத்துக்கும் மேலாக டோக்கியோவின் வெளிநாட்டுப் போக்குவரத்தில் பெரும்பகுதி அங்கேதான் நடந்தது. 2010-ல் ஹனேடாவில் புதிய சர்வதேச முனையம் திறந்த பிறகே நிலைமை மாறியது. பகலில் இறங்கினால் நரிட்டா ஒரு தொல்லையே இல்லை; ஸ்கைலைனர் ரயில் நாற்பது நிமிடத்துக்குள் நிப்போரி நிலையத்தில் விட்டுவிடும். இரவு பத்து மணிக்கு மேல் இறங்கினால் கதை வேறு. ஜப்பானில் ரயில்கள் விடிய விடிய ஓடுவதில்லை. நள்ளிரவை ஒட்டி எல்லாம் நின்று, விடிகாலையில்தான் மறுபடி கிளம்பும். கடைசி ரயிலை விட்டவர் நரிட்டாவிலிருந்து டாக்ஸி பிடித்தால் இருபதாயிரம் யென்னைத் தாண்டிவிடும். விலை குறைந்த டிக்கெட் ஒன்று நரிட்டாவில் இரவு பதினொன்றுக்கு இறக்கிவிடுகிறது என்றால், அது விலை குறைந்த டிக்கெட் அல்ல.

இனி, நாலு மணி நேர விஷயம். ஜப்பானியப் போக்குவரத்துத் துறையில் இருப்பவர்கள் "நாலு மணி நேரச் சுவர்" என்று ஒன்றைச் சொல்வார்கள். ரயில் பயணம் நாலு மணி நேரத்துக்குள் முடிந்தால் மக்கள் ரயிலில் போகிறார்கள். தாண்டினால் விமானத்துக்கு மாறுகிறார்கள். டோக்கியோ–ஒசாகா இரண்டரை மணி நேரம். அங்கே ரயிலுக்குத்தான் பெரும்பங்கு. டோக்கியோ–ஹிரோஷிமா ஏறக்குறைய நாலு மணி நேரம். அங்கே இரண்டும் போட்டி போடுகின்றன. டோக்கியோ–ஃபுகுவோகா ஐந்து மணி நேரம். மிகப் பெரும்பாலோர் பறக்கிறார்கள். அதிவேக ரயிலை உலகத்துக்கே அறிமுகப்படுத்திய, 1964-லிருந்து விபத்தில் ஒரு பயணிகூட அதில் தடம்புரண்டோ மோதியோ இறந்ததில்லை என்று பெருமைப்படுகிற ஒரு சமூகமே இப்படித் தேர்ந்தெடுக்கிறது என்றால், வெளியிலிருந்து போகிற நாம் ரயிலையே கட்டிக்கொண்டு அழ வேண்டிய அவசியமில்லை. உள்நாட்டு விமானத்தில் ஏறுவது அங்கே ஏறக்குறைய பஸ் ஏறுவதற்குச் சமம்: புறப்பட இருபது நிமிடம் இருக்கும்போது பாதுகாப்புச் சோதனையைத் தாண்டினால் போதும், குடிக்கிற தண்ணீர் பாட்டிலைக்கூடப் பிடுங்குவதில்லை, ஒரு கருவியில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். ஃபுகுவோகாவில் உள்நாட்டு முனையத்தின் அடியிலேயே சுரங்க ரயில். இரண்டே நிறுத்தம், ஐந்தாறு நிமிடத்தில் ஹகாட்டா. வெளிநாட்டு முனையம் மட்டும் ஓடுபாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, இலவசப் பேருந்தில் போக வேண்டும் என்பதைக் கிளம்பும் நாளன்று நினைவில் வைத்திருப்பது நல்லது.

வடக்கே ஹொக்கைடோவில் இந்த வாதம் இன்னும் அழுத்தமாகிறது. புல்லட் ரயில் 2016-ல் கடலடி செய்கான் சுரங்கத்தின் வழியே ஹொக்கைடோவுக்குள் நுழைந்தது உண்மைதான். ஆனால் ஹக்கோடாட்டேயை ஒட்டிய ஒரு நிலையத்தோடு நின்றுவிட்டது. சப்போரோவரை நீளும் வேலை தாமதத்துக்கு மேல் தாமதம். டோக்கியோவிலிருந்து ரயிலிலேயே சப்போரோ போனால் எட்டு மணி நேரம் போய்விடும். ஹனேடாவிலிருந்து விமானம் ஒன்றரை மணி நேரம். அந்தத் தடம் உலகத்திலேயே மிக அதிகம் பேர் பறக்கும் தடங்களில் ஒன்றாக இருப்பதில் வியப்பில்லை. தீவுக்குள்ளேயும் ரயில் சுருங்கிக்கொண்டே வருகிறது. தன்னிடமுள்ள பாதைகளில் ஏறக்குறைய பாதியைத் தன்னால் மட்டும் நடத்த முடியாது என்று ஹொக்கைடோ ரயில்வே 2016-லேயே அறிவித்துவிட்டது. அதன் பிறகு கிளைப்பாதைகள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. லாவண்டர் தோட்டங்களுக்குப் பேர்போன ஃபுரானோவிலிருந்து கிழக்கே ஷின்டொக்கு போகும் பகுதி 2024 மார்ச்சோடு நின்றது. ஆகவே ஹொக்கைடோவில் வாடகைக் காரே வசதி. ஜப்பானிலும் நம்மைப்போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி வழங்கப்படும் இந்தியாவின் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஏற்கிறார்கள். பனிக்காலத்தில் மட்டும் வேண்டாம்; உறைந்த சாலையில் ஓட்டிப் பழகாத கைக்கு அது விஷப்பரீட்சை. ஒகினாவாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அங்கே நாஹாவில் ஒரு மோனோரயில் உண்டு, மற்றபடி விமானமும் காரும்தான்.

இதைக் கேட்டதும் ரயில் பிரியர்களுக்குக் கோபம் வரும். ஜப்பானுக்குப் போவதே ரயிலுக்காகத்தானே, விமானம் புகையைக் கக்குகிறதே என்பார்கள். முதல் பாதிக்குப் பதில் எளிது: நேர்கோட்டுத் திட்டத்தில் ரயில் குறைவதில்லை, திரும்பி வரும் ரயில்தான் குறைகிறது. இரண்டாவது பாதி கனமானது. ஒரு பயணிக்கு இவ்வளவு கரி என்று பார்த்தால் புல்லட் ரயிலுக்கும் விமானத்துக்கும் உள்ள வித்தியாசம் மிகப் பெரியது. அதை மனசாட்சியோடு எடுத்துக்கொள்பவர் சப்போரோவுக்கு எட்டு மணி நேரம் ரயிலில் போகட்டும். அது மரியாதைக்குரிய முடிவு. ஆனால் பத்து நாள் விடுப்பில் வருபவர் அப்படிப் போனால், போக ஒன்று வர ஒன்றென்று இரண்டு நாள் கழிந்துவிடும். அதைவிட இந்தத் தடவை ஹொக்கைடோவையே விட்டுவிடுவது மேல். நாட்டின் நாலு பெரிய தீவையும் ஒரே பயணத்தில் தொட்டுவிட வேண்டும் என்ற ஆசையில்தான் கரியும் கூடுகிறது, களைப்பும் கூடுகிறது.

பாஸ் தரும் சுதந்திரம் போய்விடாதா, ஒவ்வொரு தடவையும் வரிசையில் நின்று டிக்கெட் வாங்க வேண்டாமா என்பது இன்னொரு தயக்கம். பாஸின் சுதந்திரம் ஓரளவுக்கு மாயை. நொசோமியில் முன்பதிவில்லாத பெட்டிகளை 2025 மார்ச்சில் இரண்டாகக் குறைத்துவிட்டார்கள். புத்தாண்டு, ஏப்ரல் கடைசியில் தொடங்கும் பொன் வாரம், ஆகஸ்ட் நடுவில் வரும் ஓபோன் நாட்களில் நொசோமியில் எல்லாப் பெட்டியும் முன்பதிவுதான். மாறாக, ஸ்மார்ட் இ.எக்ஸ் செயலியில் சாதாரணக் கட்டணத்தில் வாங்கும் டிக்கெட்டை ரயில் கிளம்பும்வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் கட்டணமில்லாமல் அடுத்த ரயிலுக்கு மாற்றிக்கொள்ளலாம். உச்ச நேரத்தில் ஒரு மணிக்குப் பன்னிரண்டு நொசோமிவரை கிளம்பும் தடத்தில் இதைவிடப் பெரிய சுதந்திரம் எதற்கு? காகிதச் சீட்டு வாங்கினால் ஒன்றைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தூரத்துக்கான பயணச்சீட்டு ஒன்று, விரைவு ரயிலில் ஏறுவதற்கான சீட்டு ஒன்று என்று பல நேரம் இரண்டு துண்டுகள் கையில் வரும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாயில் எந்திரத்தில் செருகினால், அது நொடியில் பிரித்துப் படித்து, மறுபக்கம் அடுக்கித் தரும். ஒன்றை மட்டும் செருகிவிட்டுக் கதவு ஏன் திறக்கவில்லை என்று நிற்கும் வெளிநாட்டவரைக் கியோட்டோ நிலையத்தில் எந்த நேரத்திலும் பார்க்கலாம். வட்டாரப் பாஸ்கள் வேறு விஷயம். அவற்றை ஒதுக்கிவிடக் கூடாது. ஒசாகாவில் தங்கி ஹிரோஷிமாவை ஒரு நாளில் பார்த்து வர நினைப்பவருக்கு, ஐந்து நாள் செல்லும் கன்சாய்–ஹிரோஷிமா பாஸ் சுமார் 17,000 யென். தனி டிக்கெட்டாக வாங்கினால் போய் வரவே 21,000-க்கு மேல் ஆகும்.

ஊருக்குள் சுற்றுவதில் இவ்வளவு யோசனை தேவையில்லை. சூயிக்கா, பாஸ்மோ, இக்கோக்கா என்று எந்தப் பெயரில் வந்தாலும் ஒரு தொடு அட்டை போதும். 2013-லிருந்து இவை ஒன்றின் ஊரில் இன்னொன்று செல்லும். ஐபோன் வைத்திருப்பவர்கள் அதையே அட்டையாக்கிக்கொள்ளலாம். பிளாஸ்டிக் அட்டை வாங்கினால் பணம் ஏற்றப் பெரும்பாலும் ரொக்க நோட்டுதான் வேண்டும், பையில் கொஞ்சம் இருக்கட்டும். குமமோட்டோவில் உள்ளூர்ப் பேருந்துகள் 2024 நவம்பரில் இந்த அட்டைகளைக் கைவிட்டு வங்கி அட்டைக்கு மாறிவிட்டன என்பதையும் சொல்லிவைக்கலாம். கியோட்டோவில் பஸ்ஸை நம்ப வேண்டாம். சுற்றுலாக் கூட்டத்தால் உள்ளூர்க்காரர்களே பஸ்ஸில் ஏற முடியாமல் போய், நகராட்சி தன் புகழ்பெற்ற ஒரு நாள் பஸ் பாஸையே 2023 செப்டம்பரோடு விற்பதை நிறுத்தியது. 2024-ல் ஜப்பானுக்கு வந்த வெளிநாட்டவர் மூன்று கோடியே அறுபத்தெட்டு லட்சம்; அதற்கு முந்தைய உச்சமான 2019-ல் மூன்று கோடியே பதினெட்டு லட்சம். அந்தக் கூட்டத்தில் பெரும்பங்கு டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா என்ற மூன்றே ஊரில் போய்க் குவிகிறது. பயணத்தின் நேர்கோட்டைக் கனசாவா வழியாகவும் ஃபுகுவோகாவரையும் நீட்டச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வயதான அப்பா அம்மாவையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு, பெட்டிகளோடு ஊர் ஊராக மாறுவது நடக்கிற காரியமா? இந்த ஆட்சேபத்தில் உண்மை இருக்கிறது. ஐந்து ஊரை மூன்றாகக் குறைத்துவிடலாம். டோக்கியோவில் இறங்கி, கியோட்டோவில் தங்கி, ஒசாகாவின் கன்சாயில் விமானம் ஏறினால் ஒரே ஒரு நீண்ட ரயில் பயணம்தான். பெட்டிக்கு ஜப்பானியர்களே கண்டுபிடித்த வழி இருக்கிறது. யமாட்டோ நிறுவனம் 1976-ல் தொடங்கிய வீட்டுக்கு வீடு பார்சல் சேவை அது. குட்டியை வாயில் கவ்விய கறுப்புப் பூனைதான் அடையாளம். ஓட்டல் வரவேற்பு மேசையில் பெட்டியைக் கொடுத்து, அடுத்த ஓட்டலின் முகவரியை எழுதினால் பெரும்பாலும் மறுநாள் அங்கே போய்ச் சேர்ந்துவிடும். அளவையும் தூரத்தையும் பொறுத்து ஒரு பெட்டிக்கு இரண்டாயிரம், மூவாயிரம் யென். பெட்டியைக் கூடவே கொண்டுபோவதானால், டோக்கியோவிலிருந்து மேற்கே போகும் புல்லட் ரயில்களில் நீள அகல உயரக் கூட்டல் 160 சென்டிமீட்டரைத் தாண்டினால் அதற்கான இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும் என்ற விதி 2020 மேயிலிருந்து இருக்கிறது. நம் ஊரில் வாங்கும் பெரிய டிராலிப் பெட்டிகள் இந்த எல்லையை ஒட்டியே நிற்கும். வீட்டிலேயே அளந்துவிடுவது நல்லது.

குழுச் சுற்றுலாவில் போனால் இந்தத் தலைவலியே இல்லையே என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மொழி தெரியாத ஊரில் சைவச் சாப்பாட்டுக்கு உத்தரவாதம் வேண்டும் என்பவர்களுக்குக் குழு நல்ல துணை. பார்க்க வெறும் காய்கறி சூப்பாக இருப்பதிலும் மீன் துருவலில் எடுத்த சாறு இருக்கும் நாடு அது. ஆனால் அங்கேயும் பணம் கட்டும் முன்பு பயண நிரலை வாங்கிப் பாருங்கள். டோக்கியோவில் இறங்கி டோக்கியோவிலேயே ஏறுகிறதா, ஒசாகாவில் முடிகிறதா என்ற ஒரே கேள்வி அந்த நிறுவனம் உங்கள் நேரத்தை எப்படி மதிக்கிறது என்பதைக் காட்டிவிடும். தனியாகப் போகிறவர்களுக்கு விசா விண்ணப்பமே திட்டமிடும் வேலையைச் சுமத்துகிறது. எந்த நாள் எந்த ஊர், எந்த ஓட்டல் என்று நாள்வாரி நிரல் கேட்கிறார்கள். பலர் அதற்காக இணையத்தில் கிடைத்த ஒரு பழைய நிரலைப் போட்டுவிட்டு, பிறகு அதையே பயணமாகவும் செய்துவிடுகிறார்கள். பழைய பாஸ் திட்டம் இன்னும் உயிரோடு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே தோன்றுகிறது. விசாவுக்கு எழுதும் அந்தத் தாளையே நுழைவாயில், வெளிவாயில் என்ற இரண்டு முனையிலிருந்து எழுதத் தொடங்கினால் வேலை பாதி முடிந்தது.

ஒரே கோட்டில் போவதில் உள்ள உண்மையான ஆபத்து இயற்கைதான். கோடு நடுவில் அறுந்தால் விமானம் போய்விடும். 2024 ஆகஸ்ட் கடைசியில் பத்தாம் எண் சூறாவளி கொட்டிய மழையில் டோக்கியோ–ஒசாகா புல்லட் தடம் முழுமையாக ஓட முடியாமல் சில நாட்கள் முடங்கியது. அப்போது பலர் கனசாவா, சுருகா வழியாகச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள். 2018 செப்டம்பரில் ஜெபி சூறாவளியின்போது, நங்கூரம் நழுவிய எண்ணெய்க் கப்பல் ஒன்று கன்சாய் விமான நிலையத் தீவை நிலத்தோடு இணைக்கும் பாலத்தில் மோத, ஆயிரக்கணக்கானோர் தீவிலேயே மாட்டிக்கொண்டார்கள். நல்ல வேளையாக, ஜப்பானிய ரயில் நிறுவனங்கள் புயல் வரும் முன்பே இன்ன நாள், இன்ன பகுதியில் ரயில் ஓடாது என்று அறிவித்துவிடுகின்றன. அந்த அறிவிப்பு வந்தால் ஒரு நாள் முன்னதாகவே கோட்டின் அடுத்த ஊருக்கு நகர்ந்துவிட வேண்டும்; அறிவித்த நாளன்று நிலையத்தில் போய் நிற்பதில் பயனில்லை. ஆகஸ்ட், செப்டம்பரில் போகிறவர்கள் கடைசி இரவை எப்போதும் வெளியேறும் விமான நிலையத்துக்கு அருகிலேயே வைத்துக்கொள்ளட்டும். காலை விமானம் கன்சாயிலிருந்து என்றால் கியோட்டோவிலிருந்து ஹருக்கா ரயிலில் ஒன்றே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். முந்தின மாலையே ஒசாகாவின் தென்பக்கம், நான்கை ரயில் கிளம்பும் நம்பா பகுதிக்கு வந்துவிட்டால், மறுநாள் காலையில் முக்கால் மணி நேரப் பயணம்தான் மிச்சம்.